டைல்ஸ் தரையில டவர் ஸ்பீக்கர்: ஸ்பைக்கா, ஐசொலேஷன் ஃபீட்டா?

உங்க கேள்விய முதல்ல சுருக்கிக்கிறேன், அப்பதான் மத்தவங்களுக்கும் புரியும். சென்னையில 2வது மாடி ப்ளாட், விட்ரிஃபைட் டைல்ஸ், 14க்கு 12 அடி ஹால், ஒவ்வொண்ணும் 24 கிலோ வர்ற டவர் ஸ்பீக்கர் ஜோடி. டப்பாவுல ஸ்பைக்கும் (கூரான இரும்புக் கால்) இருக்கு, ரப்பர் ஃபூட்டும் இருக்கு. கடைக்காரர் ஸ்பைக் போட்டாதான் பேஸ் டைட்டா வரும்ங்கிறார், உங்க ஃப்ரெண்டு ஐசொலேஷன் ஃபீட் (அதிர்வ தரைக்குப் போக விடாம தடுக்கிற கால்) இல்லாம கேக்குறதே வேஸ்ட்டுங்கிறார், கீழ் வீட்டுக்காரர் ராத்திரியில தும் தும்னு கேக்குதுன்னு மேல ஏறி வந்துட்டார். வீட்ல 2 வயசுப் பொண்ணு வேற. எதுல காசு போடணும்?

நேரா சொல்லிடறேன் ப்ரோ. உங்க தரைக்கு சவுண்டுக்காகன்னு பாத்தா டப்பாவுல வந்த ரப்பர் ஃபூட்டே போதும். காசு போடறதா இருந்தா கீழ் வீட்டுக்காரருக்காகப் போடலாம், அதுவும் ஒரு ஓசி டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு. ஸ்பீக்கர் என்ன பிராண்டு, எவ்ளோ விலைங்கிறத விட அது நிக்கிற தரை எதால ஆனதுங்கிறதுதான் இதுல எல்லாத்தையும் முடிவு பண்ணுது, ஆனா அத யாரும் கேக்கவே மாட்டாங்க, நேரா ப்ராடக்ட் பேருக்குத் தாவிடுவாங்க.

ஸ்பைக் எதுக்கு வேணும்னா, இங்கிலாந்து மாதிரி ஊர்ல வீடு முழுக்க கனமான கார்ப்பெட் ஒட்டியிருப்பாங்க, அதுக்கு அடியில ஃபோம் வேற இருக்கும். அதுமேல டவர வச்சா லேசா தட்டினாலே ஆடும். கூரான ஸ்பைக் அந்தக் கார்ப்பெட்டத் துளைச்சு கீழ இருக்கிற கெட்டித் தரையில போய் ஊணிக்கும், ஸ்பீக்கர் ஆடாம நிக்கும். அவ்ளோதான் விஷயம், அந்த வேலைய அது நல்லாவே செய்யுது. நம்ம வீட்ல டைல்ஸ் மேல துளைக்க என்ன இருக்கு? மிஞ்சிப் போனா ஒரு ஜமக்காளம். அதுக்கு ஸ்பைக் தேவையில்ல.

கடைகள்ல இன்னொண்ணு சொல்வாங்க, ஸ்பைக் ஒன்வே மாதிரி, ஸ்பீக்கர்ல இருந்து அதிர்வ தரைக்கு வடிச்சு விட்டுடும், தரையில இருந்து மேல வர விடாதுன்னு. அப்படி ஒண்ணு கிடையாது. ரெண்டு கெட்டியான பொருள் ஒண்ணோட ஒண்ணு தொட்டுட்டு இருந்தா அதிர்வு ரெண்டு பக்கமும் போகும், முனை கூரா இருக்கிறதால அது திசை பாத்துப் போகாது.

சரி, பொட்டி எவ்ளோதான் ஆடுதுன்னு ஒரு கணக்கு போட்டுடலாம். உங்க டவர்ல ரெண்டு ஆறரை இன்ச் வூஃபர் (பேஸ் சத்தம் தர்ற பெரிய வட்டம், அதுல ஆடுற கூம்புதான் கோன்) இருக்குன்னு வச்சுக்குவோம். ரெண்டு கோனும் சேர்ந்து ஆடுற எடை சுமார் 30 கிராம் வரும். நல்லா சத்தமா பேஸ் வரும்போது கோன் 5 மில்லிமீட்டர் முன்னால போகுதுன்னா அதே விசையோட பொட்டி பின்னால தள்ளப்படணும், நியூட்டன் சொன்னதுதான். ஆனா பொட்டி 24 கிலோ, கோன விட 800 மடங்கு கனம். அதனால அது நகர்றது 0.006 மில்லிமீட்டர், தலைமுடி தடிமன்ல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. டவர் உயரமா இருக்கிறதால மேல ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தர்ற சின்ன வட்டம்) இருக்கிற இடத்துல கொஞ்சம் கூடும், இருக்கட்டும். 10,000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளமே 34 மில்லிமீட்டர். பொட்டி ஆடுறதால ட்வீட்டர் சவுண்டு கலங்கிப் போகுதுன்னு விளம்பரத்துல படிக்கும்போது இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

அப்ப ஃபீட் மாத்தினதும் சவுண்டு மாறிடுச்சுன்னு சொல்றவங்க எல்லாம் பொய் சொல்றாங்களான்னா, இல்ல. பல பேருக்கு நெஜமாவே மாறுது, ஆனா காரணம் வேற. பழைய ஃபூட்டக் கழட்டி 4 சென்டிமீட்டர் உயரமான புதுசு ஒண்ணு போட்டா ட்வீட்டர் உங்க காதுக்கு வேற உயரத்துக்குப் போயிடுது, தரையில பட்டு வர்ற ரிஃப்ளெக்‌ஷன் மாறுது, கழட்டி மாட்டும்போது ஸ்பீக்கர் ரெண்டு மூணு இன்ச் தள்ளிப் போய் உக்காந்திருக்கும், திருப்பி வச்ச கோணமும் மாறியிருக்கும். அடியில போர்ட் (பேஸ் காத்து வெளிய வர்ற ஓட்டை) இருக்கிற மாடல்னா உயரம் மாறினா பேஸே மாறும், அந்த மாதிரி ஸ்பீக்கருக்கு கம்பெனி சொன்ன இடைவெளிய விட்டு விலகவே கூடாது. இதெல்லாம் சேர்ந்து காதுக்குத் தெரியிற மாற்றம் தரும், பேர் மட்டும் ஃபீட்டுக்குப் போயிடும். டெஸ்ட் பண்றதா இருந்தா தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி பழைய இடத்துல அச்சு மாறாம வையுங்க, உயரத்தையும் அட்டை வச்சு சமம் பண்ணுங்க, அப்புறம் சொல்லுங்க வித்தியாசம் எவ்ளோன்னு.

இன்னொரு காரணம் நெஜமானது, அதுதான் தரை. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து வீடுகள்ல பல எடத்துல மரச்சட்டம் போட்டு மேல பலகை அடிச்ச தரை. அது லேசு, வளையும், அதுக்கே பேஸ் ஏரியாவுல சொந்தமா ஒரு அதிர்வு இருக்கும். அதுமேல டவர வச்சா பொட்டி கொடுக்கிற சின்னத் தள்ளலே தரைய எழுப்பி விட்டுடும், தரையே இன்னொரு ஸ்பீக்கரா ஆயிடும், ட்ரம்ஸ் அடிச்சு நின்ன பிறகும் ஊம்ம்னு இழுக்கும். அங்க ஸ்பைக் போட்டா அது இன்னும் மோசமாகலாம், நல்ல ஐசொலேஷன் ஃபீட் போட்டா ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம். நீங்க படிக்கிற ரிவ்யூல பலதும் அந்த மாதிரி வீட்ல உக்காந்து எழுதினதா இருக்கலாம். டொராண்டோவுல லண்டன்ல அந்த மாதிரி மரத்தரை வீட்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு அது பொருந்தும், அவங்க கண்ண மூடிட்டு வாங்கலாம். உங்களுக்கு அடியில இருக்கிறது 5 இன்ச் ஆர்சிசி ஸ்லாப், ஒரு சதுர மீட்டருக்கே 300 கிலோ எடை, அதுக்கு மேல சிமெண்ட் படுக்கை, அதுக்கு மேல டைல்ஸ். அத உங்க ஸ்பீக்கர் பொட்டி தள்ளி ஆட வைக்கிறது ரொம்பக் கம்மி. மயிலாப்பூர் பக்கம் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீட்ல மாடியில இருக்கீங்கன்னா வேற கதை, தேக்குச் சட்டத்து மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்டது அது, நடந்தாலே அதிர்ற மாடி எல்லாம் உண்டு.

இப்ப ஐசொலேஷன் ஃபீட். எந்த பிராண்டா இருந்தாலும் உள்ள இருக்கிறது ஒரு ஸ்ப்ரிங்தான், இரும்பு ஸ்ப்ரிங்கோ ரப்பரோ, சோர்போத்தேன்ங்கிற மெத்துன்னு இருக்கிற ஒரு வகை பாலிமரோ. அதுமேல எடை வச்சா ஒரு அளவு அமுங்கும். அமுங்குற அளவ வச்சே அது எந்த ஃப்ரீக்வென்சியில (செகண்டுக்கு எத்தன தடவ) ஆடும்னு சொல்லிடலாம்: அமுங்குன மில்லிமீட்டரோட வர்க்கமூலத்தால 16ஐ வகுத்தா ஹெர்ட்ஸ் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் அமுங்குனா 16 ஹெர்ட்ஸ், 4 மில்லிமீட்டர்னா 8 ஹெர்ட்ஸ். அந்த ஃப்ரீக்வென்சிக்கு சுமார் ஒண்ணரை மடங்குக்கு மேலதான் அது அதிர்வத் தடுக்க ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ தடுக்காது, அந்த ஃப்ரீக்வென்சிக்கு பக்கத்துல பெருக்கவே செய்யும். 10 ஹெர்ட்ஸ்ல ஆடுற ஃபீட்னா 40 ஹெர்ட்ஸ் பேஸ்ல பத்துல ஒரு பங்கு கூட தரைக்குப் போகாது, அது ஐசொலேஷன்.

இப்ப மார்க்கெட்ல விக்கிற கெட்டியான ரப்பர் பேட எடுத்துக்குங்க, வாஷிங் மெஷினுக்கு அடியில போடறது. 80 கிலோ எடைக்குன்னு செஞ்சது, அதுமேல உங்க 24 கிலோவ வச்சா கால் மில்லிமீட்டர் கூட அமுங்காது. 0.1 மில்லிமீட்டர்தான் அமுங்குதுன்னா கணக்கு போட்டா 50 ஹெர்ட்ஸ் வருது, பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் இருக்கிற எடத்துலயே போய் உக்காருது. இதுல ரப்பர் வேகமா ஆடும்போது இன்னும் விறைப்பாத்தான் நடந்துக்கும், அதனால நெஜத்துல 50ஐ விடக் கொஞ்சம் மேல போகும். அதாவது தடுக்கணும்னு வாங்கிப் போட்டது, தடுக்க வேண்டிய எடத்துல கூட்டி அனுப்புது. பேடு தடிமனா சாஃப்டா தெரிஞ்சா போதும்னு நினைக்காதீங்க, மேல எடை ஏத்தினதும் கண்ணுக்குத் தெரியிற அளவு அமுங்கணும், ஆனா முழுசா நசுங்கி தரையத் தட்டவும் கூடாது.

அதனால ஃபீட் வாங்குறப்ப எடைதான் முதல் கேள்வி. ஐசோஅகூஸ்டிக்ஸ் கம்பெனியோட கையாங்கிற ஃபீட்ட எடுத்துக்கிட்டா நாலு ஃபீட் சேர்ந்து கையா 3 வந்து 32 கிலோ வரைக்கும், கையா 2 வந்து 54 கிலோ, கையா 1 வந்து 100 கிலோ. உங்க 24 கிலோவுக்கு சின்னதுதான் சரி. இருக்கிறதுலயே பெருசு வாங்கினா பெஸ்டா இருக்கும்னு 100 கிலோவுக்கு செஞ்சத 24 கிலோவுக்கு அடியில போட்டா அது அமுங்கவே அமுங்காது, கூடுதல் காசு கொடுத்து கம்மி ஐசொலேஷன் வாங்குற கதை. அந்த ஃபீட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, லோகோ இருக்கிற பக்கம் நீங்க உக்கார்ற திசையப் பாத்தோ நேர் எதிரயோ இருக்கணும், கோன் முன்னால பின்னால ஆடுறதால அந்தத் திசையில அது நடந்துக்கிற விதம் வேற. திருகிட்டு எப்படியோ நிக்குதுன்னு விட்டுடறவங்க நிறைய. டவுன்செண்ட் மாதிரி இரும்பு ஸ்ப்ரிங் போட்ட மேடையும் வருது, தடுக்கிறதுல அந்த வகை நல்லாவே செய்யும், விலையப் பாத்தா ஸ்பீக்கரையே மாத்திக்கலாமேன்னு தோணும். சோர்போத்தேன் அரைக்கோளம் வாங்குனீங்கன்னா கடினம் எண்ணும் எடையும் பாத்து வாங்குங்க, மரப் பாலீஷ் மேல நேரா ஒட்டாதீங்க, நாளாக நாளாக கறை விட்டுடும்.

கீழ் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் உங்க கேள்வியிலயே முக்கியமாப் படுது. அவர் வீட்டுக்கு பேஸ் ரெண்டு வழியா போகும். ஒண்ணு பொட்டி அடி வழியா தரைக்கு. இன்னொண்ணு காத்து வழியா: வூஃபர் ரூம் காத்த அழுத்துது, அந்த அழுத்தம் ஸ்லாப் முழுசையும், சுவரையும், ஜன்னலையும் தள்ளுது. ரெண்டாவதுக்கு உலகத்துல எந்த ஃபீட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. கான்க்ரீட் வீட்ல பெரும்பாலும் அந்த ரெண்டாவதுதான் ஜாஸ்தி. உங்க வீட்ல எதுன்னு கண்டுபிடிக்க பைசா செலவு இல்லாத வழி ஒண்ணு இருக்கு. பஞ்சர் கடையில பழைய ஸ்கூட்டி ட்யூப் ரெண்டு கேட்டு வாங்குங்க, தொட்டா மெத்துன்னு இருக்கிற அளவு மட்டும் காத்து அடிங்க, அதுமேல ஒரு ப்ளைவுட் துண்டு, அதுமேல டவர். காத்து ட்யூப் ரொம்பத் தாழ்ந்த ஃப்ரீக்வென்சியில ஆடும், விலை உசந்த ஃபீட் செய்யிற வேலைய அந்த அஞ்சு நிமிஷத்துக்கு அதுவே செய்யும். டவர் தள்ளாடும், அதனால ஒருத்தர் பக்கத்துலயே கை வச்சு நிக்கணும், குழந்தைய அந்த நேரம் உள் ரூம்ல வச்சுக்குங்க. அப்புறம் வழக்கமா கம்ப்ளைண்ட் வர்ற பாட்ட அதே வால்யூம்ல போட்டுட்டு கீழ போய் அவர் ஹால்ல நின்னு நீங்களே கேளுங்க, வீட்டுக்காரரையும் கேக்கச் சொல்லுங்க. ட்யூப் இல்லாம ஒரு தடவ, ட்யூபோட ஒரு தடவ. பளிச்சுன்னு குறைஞ்சா ஐசொலேஷன் ஃபீட் வாங்குங்க, காசு வீண் போகாது. அப்படியே இருந்துச்சுன்னா காத்து வழிதான், ஃபீட் ஆசைய விட்டுடுங்க.

காதுல நம்பிக்கை இல்லன்னா போன்லயே பாக்கலாம். ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப், ஜெர்மனியில ஆகன் யுனிவர்சிட்டி செஞ்சது, போன்ல இருக்கிற ஆக்சிலரோமீட்டர வச்சு அதிர்வ அளக்கும். போன ஸ்பீக்கர்ல இருந்து ஒரு அடி தள்ளி டைல்ஸ் மேல மல்லாக்க வச்சுட்டு 40 ஹெர்ட்ஸ் டோன் ஓட விடுங்க, ஸ்பெக்ட்ரத்துல 40க்கு நேரா ஒரு முள் மாதிரி எழும்பும். ஃபீட் மாத்தி மாத்தி அந்த முள் எவ்ளோ எறங்குதுன்னு பாருங்க. 100 ஹெர்ட்ஸுக்கு மேல பல போன்ல சரியா வராது, நமக்கு அது தேவையுமில்ல.

காத்து வழின்னு தெரிஞ்சா என்ன பண்றது? உங்க 14 அடி ஹாலோட நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ்லயும் 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ்லயும் ரூமே தானா ஊம்ம்னு நிக்கும். செங்கல் சுவரு, பூச்சு, கான்க்ரீட் கூரை, பேஸ் வெளிய கசியிறது கம்மி, அமெரிக்காவுல ஜிப்சம் போர்டு சுவர்ல பாதி பேஸ் அப்படியே போயிடும், நமக்கு உள்ளயே சுத்தும். கீழ் வீட்ல கேக்குற தும் தும்ல பெரும்பங்கு இந்த ரெண்டு மூணு நோட்டாத்தான் இருக்கும். ஸ்பீக்கர சுவர்ல இருந்து முன்னால இழுத்துப் பாருங்க, அரை அடி நகர்த்தினாலே தெரியும். பின்னால போர்ட் இருந்தா டப்பாவுல வந்த ஃபோம் ப்ளக்க அதுல சொருகுங்க, காணாமப் போயிருந்தா துவைச்ச சாக்ஸ் சுருட்டி வச்சாலும் வேலை நடக்கும். ஆம்ப்லயோ ஆப்லயோ ஈக்யூ (ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியையும் தனித்தனியா கூட்டிக் குறைக்கிற செட்டிங்) இருந்தா 40 பக்கத்துல 6 டெசிபல் எறக்குங்க, அந்த எடத்துல அழுத்தம் பாதியாயிடும், கீழ் வீட்டுக்காரருக்கு இது எந்த ஃபீட்ட விடவும் பெரிய நிம்மதி. ராத்திரி 10 மணிக்கு மேலன்னு தனியா ஒரு செட்டிங் சேவ் பண்ணி வச்சுக்கலாம். கொஞ்சம் காசு ஒதுக்க முடியும்னா யூமிக் 1 மைக்கும் ஆர்இடபிள்யூ சாஃப்ட்வேரும், சாஃப்ட்வேர் இலவசம்தான், ரூம்ல எந்த ஃப்ரீக்வென்சி எவ்ளோ எழும்புதுன்னு கோடு போட்டே காட்டிடும். ஃபீட்டுக்கு வச்சிருந்த பட்ஜெட்ல இதுக்குப் போட்டா அடுத்த வீடு மாறினாலும் கூட வரும்.

இதுக்கும் நடுவுல ஒரு வேலை, 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறிட்டே போற ஸ்வீப் டோன் ஒண்ணு மெதுவா ஓட விட்டுட்டு ஹால சுத்தி வாங்க. பீரோ கைப்பிடி, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, ஸ்விட்ச் போர்டு மூடி, ஏதாவது ஒண்ணு கடகடன்னு பேசும். அத ஸ்பீக்கர் குறைன்னு நினைச்சு ஃபீட் மேல ஃபீட் வாங்குறவங்களப் பாத்திருக்கேன், ஒரு துண்டு டேப்ல முடிஞ்சு போற வேலை.

இனி மாட்டுற விஷயம். ஸ்பைக்கே போடணும்னு மனசு அடிச்சுக்கிட்டா முனைக்கு அடியில வைக்கிற வட்டு இல்லாம போடாதீங்க. 24 கிலோவ நாலு முனை தாங்கினா ஒரு முனைக்கு 6 கிலோ, முனையோட பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் கூட இருக்காது, கணக்குப்படி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல அழுத்தம். விட்ரிஃபைட் டைல்ஸ் தாங்கும், ஆனா அடியில சிமெண்ட் சரியா நிரம்பாம பொள்ளலா இருக்கிற டைல்ஸ் தாங்காது. ஒரு ரூபா காசால தட்டிப் பாருங்க, கெட்டியா டிக் டிக்னு வந்தா சரி, டொக்குனு வந்தா அந்த டைல்ஸ்ல ஸ்பைக் வேண்டாம். மார்பிள், ஆத்தங்குடி டைல்ஸ், பழைய ரெட் ஆக்ஸைடு தரை இதுலயெல்லாம் ஸ்பைக்க நினைச்சே பாக்காதீங்க, தரை போனா போனதுதான். நம்ம வீட்ல தெனமும் தண்ணி போட்டு துடைப்பாங்க இல்ல, துடைக்கிறவங்க டவர லேசா நகர்த்துனாப் போதும் வெள்ளை டைல்ஸ்ல கோடு, இரும்பு முனை துருப்பிடிச்சா பழுப்புக் கறை. அதே ஈரத்துக்காகவே ஸ்பீக்கர ஃபூட் ஏதும் இல்லாம தரையோட ஒட்டி வைக்கவும் கூடாது, எம்டிஎஃப் (மர நார அழுத்திச் செஞ்ச பலகை) அடி தண்ணி இழுத்து உப்பிக்கும்.

ஃபூட் எதுவா இருந்தாலும் ரசமட்டம் வச்சு லெவல் பாருங்க, டைல்ஸ் தரை பால்கனி கதவு பக்கம் சாய்ஞ்சிருக்கிறது சகஜம். மேல மூலையில விரல் வச்சு குறுக்காத் தள்ளிப் பாருங்க, நாலு காலும் ஊணியிருக்கணும், ஒண்ணு தூக்கிட்டு இருந்தா அத எறக்கி லாக் நட்ட இறுக்குங்க. கடையில டைட் பேஸ்னு சொன்னாரே, அதுல பாதி இந்த ஆட்டம் நின்னாலே வந்துடும். 2 வயசுப் பொண்ணு புடிச்சு எழுந்து நிக்கப் போறது அந்த டவரப் புடிச்சுத்தான், அதனால ஸ்ப்ரிங் மாதிரி தள்ளாடுற ஃபீட் இப்ப வேண்டாம்ங்கிறது என் அபிப்ராயம். அடி அகலம் கம்மின்னா கால்கள வெளிய தள்ளி வைக்கிற பட்டைத் தாங்கி கிடைக்குதான்னு பாருங்க, இல்லன்னா பின்பக்கம் சுவரோட ஒரு ஸ்ட்ராப் போட்டுடுங்க. கிரானைட் கடையில மிச்சத் துண்டு கேட்டா மலிவாக் கிடைக்கும், டவர விட ரெண்டு இன்ச் அகலமா வெட்டி வாங்கி அடியில மெல்லிசா ரப்பர் ஷீட் போட்டு வச்சா பாக்கவும் நல்லா இருக்கும், துடைக்கும்போது ஸ்பீக்கர் மேல மாப் படாது. ஆனா கிரானைட் வச்சா பேஸ் மாறும்னு எதிர்பாக்காதீங்க, உயரம் மாறுறதுதான் மாறும்.

கடைசியா த்ரெட், அதாவது ஃபூட் திருகிப் போற மரை. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் அடியில இருக்கிற ஓட்டை எம்6ஆ, எம்8ஆ, இல்ல அமெரிக்க கால் இன்ச்சான்னு பாத்துடுங்க. எம்6 தடிமன் 6 மில்லிமீட்டர், கால் இன்ச் 6.35, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், மரை மட்டும் வேற. ரெண்டு சுத்து லூஸாப் போகும், அப்புறம் சிக்கும், அங்க ஸ்பேனர் போட்டு இறுக்கினா எம்டிஎஃப்ல பதிச்சிருக்கிற மரையே பிடுங்கிட்டு வந்துடும். டப்பாவுல வந்த ஸ்பைக்க ஹார்ட்வேர் கடைக்கு எடுத்துட்டுப் போய் ஒரு எம்6 நட்ட கையால போட்டுப் பாத்தாலே தெரிஞ்சுடும். ட்யூப் டெஸ்ட்ல கீழ என்ன கேட்டுச்சுன்னும் த்ரெட் சைஸ் என்னன்னும் எழுதுங்க, வாங்கணும்னு ஆனா எந்த ஃபீட்டுன்னு அப்ப சொல்றேன்.